முதல் விரல்

சான் ப்ரோகோபியோ நகராட்சி அலுவலகத்துக்குள் ஒரு ஆள் நுழைவதென்றால் லேசுப்பட்ட காரியமில்லை. வாசலில் காவலாளி எட்மர் மரக்குச்சியோடு நிற்பார். வருகிறவர்களின் பைக்குள் அந்தக் குச்சியை விட்டு ஒரு கிண்டு கிண்டுவார். எதைத் தேடுகிறார் என்று அவருக்கே தெரியாது. இதுவரை எதையும் கண்டுபிடித்ததில்லை. ஆனால் கிண்டாமல் யாரையும் விட்டதுமில்லை. பிறகு அடையாள அட்டையை வாங்கி டிராயரில் போட்டுக்கொண்டு, 'பார்வையாளர்' என்று ஒரு அட்டையைக் கழுத்தில் மாட்டச் சொல்வார். ரப்பர் செருப்பு போட்டவர்களைத் திருப்பி அனுப்புவார். கையில்லாத சட்டை போட்டவர்களை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவார். இதையெல்லாம் தாண்டி மிஞ்சுகிறவர்களிடம், "என்ன நோக்கம்?" என்று கேட்டு வருகைப் பதிவில் எழுதுவார். சொல்லுகிற நோக்கம் நீளமாக இருந்தாலும், புரியாவிட்டாலும், 'சொந்த விஷயம்' என்று எழுதி முடித்துவிடுவார்.

நெனிட்டாவுக்கு இந்தச் சடங்கு மனப்பாடம். அலுவலகப் படிக்கட்டுக்குக் கீழே வாழைப்பழத்தைச் சர்க்கரையில் புரட்டிப் பொரித்து, குச்சியில் குத்தி விற்கிறவள் அவள். எட்மர் தினமும் காலையில் இறங்கி வந்து இரண்டு குச்சி தின்பார். "இன்னைக்குச் சர்க்கரை கொஞ்சம் கருகிடுச்சுக்கா" என்று குறை வேறு. அதே எட்மர், அரை மணி கழித்து அவள் கழிப்பறைக்குப் போகப் படியேறினால், முன்பின் பார்த்திராத முகத்தோடு கையை நீட்டுவார்.

"ஐடி?"

"ஏன் தம்பி, இப்பத்தானே என்கிட்ட தின்னுட்டு வந்தே?"

"அது கீழே. இது மேலே. நோக்கம்?"

"வயித்தைக் கலக்குது."

'சொந்த விஷயம்' என்று எழுதிக்கொள்வார்.

அலுவலகத்துக்கு ஊரார் மேல் சந்தேகம். ஊராருக்கு அலுவலகத்தின் மேல் அதைவிடச் சந்தேகம். இத்தனை வருஷம் அந்தப் படியடியிலேயே உட்கார்ந்திருந்ததில் நெனிட்டாவுக்கு ஒரு புத்தி தேறியிருந்தது: இந்தக் கட்டடம் ஒரு பொருளை ஒரே தடவை கேட்டதும் கொடுத்துவிட்டால், பின்னால் பெரிதாக ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

இப்படிப்பட்ட அலுவலகத்துக்கு ஒரு சர்வர் வந்தது. கடை உரிமம், கட்டட அனுமதி, பிறப்பு, இறப்பு, சேவல் சண்டை அனுமதி, ஊழியர் சம்பளம் எல்லாம் இனிமேல் அதற்குள்தான் என்றார்கள். திட்டத்துக்கு ஒரு நீளமான பெயர் வைத்தார்கள். அதன் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் மேயர் வலேரியானோவின் செல்லப் பெயர் வரும். திட்டத்தில் அதிக காலம் பிடித்த வேலை அதுதான். சர்வரை இரும்புக் கதவு போட்ட ஓர் அறையில் வைத்தார்கள். கதவுக்கு மூன்று பூட்டுகள். ஒரு சாவி கணினிப் பிரிவுத் தலைவர் இன்ஜினியர் ருபெர்ட்டோவிடம், இன்னொன்று சட்ட அதிகாரி அட்டர்னி பெலார்மினோவிடம், மூன்றாவது மேயரின் மனைவியிடம். அந்த அம்மாள் எந்தப் பதவியிலும் இல்லை. ஆனால் அவரிடம் போன பொருள் திரும்பி வராது என்பதால் சாவிக்கு அதுதான் பத்திரமான இடம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பூட்டுகளைப் பார்த்தபடி ஒரு கேமராவும், அந்தக் கேமராவைப் பார்த்தபடி இன்னொரு கேமராவும் மாட்டினார்கள்.

மணிலாவிலிருந்து வந்த கம்பெனி ஆள் மென்பொருளை ஏற்றிவிட்டு நிமிர்ந்தான்.

"சார், இப்ப இது பச்சைக் குழந்தை மாதிரி. யாரு முதல்ல இந்தப் பக்கத்தைத் திறந்து பேரும் பாஸ்வேர்டும் போடுறாங்களோ, அவங்களைத்தான் எஜமான்னு நினைச்சுக்கும். யாரு என்னன்னு கேக்காது. அதனால நான் இருக்கும்போதே போட்டுடுங்க."

இன்ஜினியர் ருபெர்ட்டோ நெருப்பைத் தொடச் சொன்னதுபோலக் கையை இழுத்துக்கொண்டார். "நான் போடறதா? என்னப்பா பேசறே? பாலத்துக்கு முதல் கரண்டி சிமெண்ட் யாரு போட்டா? மேயர். புது ஆம்புலன்ஸுல முதல்ல யாரு ஏறிப் படுத்தா? மேயர். இதுக்கும் முதல் விரல் மேயரோடதாத்தான் இருக்கணும். பாதிரியார் தீர்த்தம் தெளிக்கணும், ரிப்பன் வெட்டணும், போட்டோ எடுக்கணும்."

"அப்ப விழா வரைக்கும் அணைச்சு வைங்க சார். வெளியில இருந்து எவன் வேணாலும் வந்துடலாம்."

"அணைக்க முடியாதுப்பா. பேனர் அடிச்சாச்சு."

பேனர் விஷயம் உண்மைதான். ஊரின் எந்தக் கம்பத்தைப் பார்த்தாலும் மேயர் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு சிரித்தார். அவருடைய தாடைக்குக் கீழே சர்வரின் முகவரி முழங்கை நீள எழுத்தில் இருந்தது. அதற்கும் கீழே, 'இப்போதே இயங்குகிறது!' என்று போட்டிருந்தது. அணைத்தால் மேயர் பொய் சொன்னதாக ஆகிவிடும். கம்பெனி ஆள் ஒருமுறை பேனரைப் பார்த்தான், ஒருமுறை மூன்று பூட்டுகளைப் பார்த்தான். பிறகு கையெழுத்து வாங்கிக்கொண்டு மணிலா பஸ் ஏறிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது.

ஜனவரி பிறந்தது. கடை உரிமத்தை இருபதாம் தேதிக்குள் புதுப்பித்தாக வேண்டும். தவறினால் அன்று சாயங்காலமே ஊர்க்காவல் ஆட்கள் லாரியோடு வந்து கடையை ஏற்றிக்கொண்டு போவார்கள். படியடியில் அந்த இடத்தின் மேல் கண் வைத்திருப்பவர்கள் ஏராளம். ஒருமுறை கை நழுவினால் நெனிட்டாவுக்கு அது திரும்பக் கிடைக்காது. அடுப்பும் வாணலியும் போனால் வேறு வாங்கலாம். இடம் போனால், அவளும் நடக்க முடியாத அவள் புருஷனும் எதைத் தின்பது?

வழக்கம்போல காகிதங்களோடு உரிமச் சாளரத்துக்குப் போனாள். சாளரத்தில் இருந்த பெண் காகிதங்களைத் தொடவேயில்லை.

"இனிமே காகிதம் வாங்கறதில்லக்கா. எல்லாம் சர்வர்ல."

"சரி, சர்வர்ல போட்டுக்கோம்மா."

"இன்னும் திறக்கலையே. விழா முடியணும்."

"விழா எப்போ?"

"பாதிரியாருக்கு எப்ப ஒழியுதோ அப்போ."

"அதுக்குள்ள இருபது தாண்டிட்டா?"

"தேதியெல்லாம் மாறாதுக்கா. அது சட்டம்."

அந்த வாரம் அடித்த காற்றில் அவளுடைய குடை கம்பியோடு பிய்ந்து போனது. எட்மர் இரக்கப்பட்டு, கம்பத்திலிருந்து அறுந்து விழுந்த பேனர் ஒன்றை எடுத்துவந்து கடைக்கு மேலே கட்டிக்கொடுத்தார். ஆக, நெனிட்டா மேயரின் தாடைக்குக் கீழே உட்கார்ந்து வாழைப்பழம் பொரிக்க ஆரம்பித்தாள். நாள் பூராவும் அந்த முகவரி அவள் கண்ணெதிரே தொங்கியது. இப்போதே இயங்குகிறது என்று மேயர் சொல்கிறார், இன்னும் திறக்கவில்லை என்று சாளரத்துப் பெண் சொல்கிறாள். இரண்டு பேரில் யார் பொய் சொல்கிறார்கள் என்று பார்த்துவிடுவோமே என்று, கையைத் துடைத்துக்கொண்டு, போனில் அந்த முகவரியை அடித்தாள்.

பக்கம் உடனே திறந்தது. 'நல்வரவு! நீங்கள்தான் முதல் ஆள். உங்கள் பெயரையும் கடவுச்சொல்லையும் தாருங்கள்' என்று கேட்டது.

நெனிட்டாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கட்டடத்தின் எந்த வரிசையிலும் அவள் முதல் ஆளாக நின்றதே கிடையாது. விடியுமுன் போனாலும் முன்னால் ஒரு கூட்டம் நிற்கும். சரி, இன்றைக்கு நல்ல நேரம் போல என்று பெயரைப் போட்டாள். கடவுச்சொல்லுக்கு, தன் எதிரே தட்டில் இருந்ததைப் பார்த்து, 'வாழைப்பழம்' என்று போட்டாள். 'கடவுச்சொல் பலவீனமாக இருக்கிறது, பரவாயில்லையா?' என்று பணிவாகக் கேட்டது. பரவாயில்லை என்று அமுக்கினாள்.

அடையாள அட்டை கேட்கவில்லை. நோக்கம் கேட்கவில்லை. அவள் போட்டிருந்தது ரப்பர் செருப்புதான், அதையும் கேட்கவில்லை. 'நல்வரவு, நெனிட்டா. உங்களுக்கு மேலே யாரும் இல்லை' என்று சொன்னது. அவள் அண்ணாந்து பார்த்தாள். மேலே மேயரின் தாடை மட்டும் இருந்தது.

கீழே வரி, நிலம், பிறப்பு, இறப்பு, சம்பளம் என்று ஊரே விரிந்து கிடந்தது. கடை உரிமம் என்ற இடத்தில், 'வழங்கு' என்று ஒரு பச்சைப் பொத்தான். ஒரு தட்டுத் தட்டினால் அவள் பிரச்சினை தீர்ந்தது. விரல் பொத்தானுக்கு அருகே வரை போய்விட்டது. அங்கேதான் அவளுடைய பழைய புத்தி முழித்துக்கொண்டது. இவ்வளவு மரியாதையாக இந்த அலுவலகம் யாரிடமும் பேசாதே! இது பொறி. அமுக்கினதும் மேலேயிருந்து யாராவது வலையோடு வருவார்கள். அடுப்பை அணைத்து, வாணலியை மூடி, நல்ல செருப்புக்கு மாறி, படியேறினாள்.

எட்மர் அவள் கூடைக்குள் குச்சியை விட்டுக் கிண்டினார். "நோக்கம்?"

"உங்க ஆபீசுக்கு நான்தான் எஜமானின்னு போன் சொல்லுது. அதைத் திருப்பிக் கொடுக்கணும்."

எட்மர் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'சொந்த விஷயம்' என்று எழுதினார்.

இன்ஜினியர் ருபெர்ட்டோ அவள் சொன்னதைக் கேட்பதற்கு முன், அவள்தான் அவள் என்பதற்கு இரண்டு அடையாள அட்டைகளின் நகலும், வார்டு தலைவரின் நற்சான்றும் கேட்டார். அவள் நகல் எடுத்து, வார்டு தலைவரைத் தேடிப் பிடித்து, மத்தியானத்துக்கு மேல் திரும்பி வந்தாள். எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகு, "ம், சொல்லுங்க" என்றார். அவள் போனைக் காட்டினாள். அவர் முகத்தில் இரத்தமே இல்லாமல் போனது. தன் கணினியில் திறந்து பார்த்தார். 'நிர்வாகி: நெனிட்டா' என்று அங்கேயும் இருந்தது.

"அய்யய்யோ! முதல் விரல்! முதல் விரல் போச்சே!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். ஊரின் நிலமும் சம்பளமும் ஒரு வாழைப்பழக்காரியின் போனில் இருப்பது அவர் மனதில் இன்னும் ஏறவேயில்லை.

அட்டர்னி பெலார்மினோ வந்தார். அவர் பதறவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, காற்சட்டையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டு, விசாரணையைத் துவங்கினார்.

"இரும்புக் கதவைத் தொட்டீங்களா?"

"எந்தக் கதவு சார்?"

"பூட்டை உடைச்சீங்களா?"

"இல்ல சார்."

"கேமராவுல நீங்க இல்ல. பூட்டு உடையல. அப்போ சட்டப்படி நீங்க உள்ளயே வரல. உள்ள வராத ஒரு ஆளு எப்படி உள்ள இருக்க முடியும்? அதனால நீங்க உள்ள இல்ல."

"அப்போ நான் போகலாமா சார்?"

"எப்படிப் போவீங்க? உள்ள இருக்கீங்களே. பூட்டை உடைக்காம உள்ள வந்தவங்கதான் ரொம்ப ஆபத்தானவங்க. உங்களுக்கு யாரு சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் சொல்லல சார். அதுவா வாங்க வாங்கன்னு கூப்பிட்டுச்சு. பேரு கேட்டுச்சு, சொன்னேன். பாஸ்வேர்டு இதுதான் சார், சொல்லிடறேன், வாழை..."

"சொல்லாதீங்க!" அட்டர்னி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "இன்னொருத்தர் பாஸ்வேர்டைக் காதால கேக்கறதே குத்தம். அனுமதி உள்ள ஆளுகிட்டதான் சொல்லணும்."

"அனுமதி உள்ள ஆளு யாரு சார்?"

இன்ஜினியர் மெல்லிய குரலில் சொன்னார். "நிர்வாகி யாருக்குக் கொடுக்கறாங்களோ அவங்க."

"நிர்வாகி யாரு?"

இருவரும் அவளையே பார்த்தார்கள். நெனிட்டா தன் முதுகுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

விஷயம் மேயரிடம் போனது. மேயர் வலேரியானோ பேனரில் இருப்பதைவிடக் குள்ளம், சிரிக்கவுமில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி, "வைஸ் மேயர் ஆளா நீ?" என்பதுதான். வைஸ் மேயர் எதிர்க்கட்சி. ஊரில் மழை பெய்தாலும், பெய்யாவிட்டாலும் அது வைஸ் மேயர் வேலை என்பது மேயரின் முடிவு.

"நான் வாழைப்பழம் பொரிக்கிறவ, மேயர். உங்க படிக்குக் கீழேதான் இருக்கேன். போன தேர்தலுக்குக்கூட என் கடையில நின்னு தின்னுக்கிட்டே போட்டோ எடுத்தீங்களே?"

"ஓ. அப்போ எவ்வளவு நாளா வேவு பாக்கறே?"

"மேயர், எனக்கு வேற ஒண்ணும் வேணாம். என் லைசென்ஸை மட்டும் புதுப்பிச்சுக் கொடுங்க. இதை எடுத்துக்குங்க. எனக்கு இந்தப் பதவியெல்லாம் ஒத்துக்காது."

"விசாரணை நடக்கும்போது லைசென்ஸ் கிடையாது" என்றார் அட்டர்னி.

மணிலாக்காரனை மறுபடி வரவழைத்தார்கள். மூன்று சாவிகளையும் சேர்ப்பதற்கே ஒரு பகல் போனது. மேயரின் மனைவி முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார். அவன் சர்வரைச் சுத்தமாகத் துடைத்து, மென்பொருளைத் திரும்ப ஏற்றினான். நெனிட்டாவின் ஆட்சி முடிந்தது. அவள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"சார், இது மறுபடி பச்சைக் குழந்தை" என்றான் அவன். "இந்தத் தடவையாவது கேளுங்க. நானே ஒரு பாஸ்வேர்டு போட்டுடறேன். விழாவுல மேயர் கையில கொடுத்துடுங்க, அவரு மாத்திக்கட்டும்."

அட்டர்னி சிரித்தார். "அப்போ நீ முதல் ஆளு, மேயர் ரெண்டாவது ஆளா? போட்டோவுக்குக் கீழே என்னன்னு எழுதறது?"

"வாசல் திறந்து கிடக்குது சார்."

"எந்த வாசல்? வா, காட்டறேன்." கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். இரும்புக் கதவில் நான்காவது பூட்டு தொங்கியது. பக்கத்தில் இரண்டு ஊர்க்காவல் ஆட்கள் தடியோடு நின்றார்கள். "இதைத் தாண்டி எவன் வருவான்?"

மணிலாக்காரன் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். பாதிரியாருக்கு ஒழிந்த நாளாக, விழாவை இருபதாம் தேதி காலையில் வைத்தார்கள். முந்தைய தவறு திரும்பவும் நடக்கக் கூடாது என்பதற்காகப் பலத்த ஏற்பாடுகள் செய்தார்கள். நெனிட்டாவின் போனைப் பறிமுதல் செய்து உறையிலிட்டு முத்திரை வைத்தார்கள். எட்மரை நாள் பூராவும் அவள் கடையில் உட்காரவைத்தார்கள். அவர் அவள் கைகளைக் கண்காணித்துக்கொண்டே தட்டுத் தட்டாகத் தின்றார்.

"தம்பி, இந்த பேனரைக் கழட்டிடவா? இதைப் பாத்துதானே எனக்கு இந்த வினை வந்துச்சு."

எட்மர் திகைத்துப் போனார். "மேயர் மூஞ்சியைக் கழட்டறதா? ஏற்கெனவே உங்க மேல சந்தேகம். வேணாம்க்கா."

அவள் கழற்றவில்லை. ஊரிலும் யாரும் கழற்றவில்லை. விழாவை முன்னிட்டு இன்னும் பெரிய பேனர்களாக ஒரு நூறு அடித்து, நெடுஞ்சாலை வரை கட்டினார்கள்.

இருபதாம் தேதி காலை. பேண்டு வாத்தியம், பள்ளிப் பிள்ளைகளின் நடனம், வாயில் ஆப்பிளோடு பொன்னிறமாக வாட்டிய முழுப் பன்றி. அலுவலக முற்றத்தில் பெரிய திரை. முன்வரிசையில் விருந்தினர்களுக்கு நடுவே நெனிட்டாவை, இரு பக்கமும் காவலோடு, கைகளை உயர்த்தியபடி நிற்கவைத்தார்கள். சந்தேகத்துக்குரிய ஆள் எதையும் தொடவில்லை என்பதை ஊரே பார்க்க வேண்டுமாம். அவளுக்குப் பன்றியின் மேல் ஆசையில்லை. திரைக்கு மேலே இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் லாரி வந்துவிடும்.

பாதிரியார் இரும்புக் கதவைத் திறக்கவைத்து உள்ளே போய், சர்வரின் மேல் தீர்த்தம் தெளித்தார். இன்ஜினியர் அதன்மேல் ஏற்கெனவே பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தார். மேயர் மைக்கைப் பிடித்தார்.

"என் அன்பான சான் ப்ரோகோபியோ மக்களே! போன வாரம் ஒரு சதி நடந்துச்சு. எந்தக் கட்சின்னு சொல்ல மாட்டேன். வைஸ் மேயர் இங்க உட்கார்ந்திருக்காரு. நாங்க பயந்துட்டோமா? இன்னொரு பூட்டு போட்டோம்! உங்க பிறப்பும், இறப்பும், நிலமும் என் விரலை நம்பி இருக்கு. நான் தொடாம இந்த மெஷின் ஒருத்தரையும் உள்ள விடாது!"

கைதட்டலுக்கு நடுவே மேயர் விரலை உயர்த்தி, புகைப்படக்காரர்களுக்காகக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து, பொத்தானை அமுக்கினார். திரையில் எழுத்து வந்தது:

'இந்தச் சர்வருக்கு ஏற்கெனவே ஒரு நிர்வாகி இருக்கிறார். பெயர்: மேயர். கடவுச்சொல்லைத் தாருங்கள்.'

பேண்டு நின்றுபோனது. எல்லாத் தலைகளும் நெனிட்டாவின் பக்கம் திரும்பின. அவளுடைய இரண்டு கைகளும் மேலேயே இருந்தன.

இன்ஜினியர் ருபெர்ட்டோவின் வேலை அந்த நொடியில் ஊசலாடியது. ஊசலாடும்போதுதான் மனிதனுக்கு மூளை வேலை செய்யும். "மேயர்!" என்று கூவினார். "உங்க பேரு! நீங்க தொடறதுக்கு முன்னாடியே உங்களை அடையாளம் கண்டுக்கிச்சு!"

மேயர் திரையைப் பார்த்தார். மெல்ல மெல்ல அவர் முகத்தில் பேனர் சிரிப்பு வந்தது. பேண்டு மறுபடி முழங்கியது. "பாருங்க மக்களே! பாதிரியார் தீர்த்தத்தோட மகிமை!" என்றார் மேயர். பாதிரியாரும் மறுக்கவில்லை.

பிறகு மைக்கைப் பொத்திக்கொண்டு, "பாஸ்வேர்டு என்னய்யா?" என்று கேட்டார். இன்ஜினியர் மேயரின் பிறந்த நாளைப் போட்டுப் பார்த்தார். மேயரின் மனைவி பிறந்த நாள். மேயரின் சண்டைச் சேவல் பெயர். எதற்கும் திறக்கவில்லை. 'பலமுறை தவறாக முயன்றுவிட்டீர்கள். நீங்கள் யார் என்பது சந்தேகமாக இருக்கிறது' என்று திரை சொன்னது.

அட்டர்னி மேயரின் காதருகே குனிந்தார். "இதைவிட என்ன வேணும் மேயர்? நாமளே உள்ள போக முடியல. எவ்வளவு பாதுகாப்பு பாருங்க!"

மேயர் அதை அப்படியே மைக்கில் சொன்னார். அன்றைக்கு மிகப் பெரிய கைதட்டல் அதற்குத்தான் கிடைத்தது.

நெனிட்டாவை என்ன செய்வது என்று அட்டர்னி யோசித்தார். "கை ரெண்டும் மேலயே இருந்துச்சு. அதான் சந்தேகமா இருக்கு. ஒண்ணுமே செய்யாதவங்க இவ்வளவு ஒழுங்கா நிப்பாங்களா?" ஆனால் அவளைப் பிடித்தால், எதற்காகப் பிடித்தோம் என்று சொல்லியாக வேண்டும். அதைச் சொன்னால், திரையில் இருக்கும் மேயர் இந்த மேயர் இல்லை என்றாகிவிடும். எனவே, முத்திரையை உடைத்து போனைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

சாயங்காலத்துக்கு அதிக நேரமில்லை. நெனிட்டா தாடைக்குக் கீழே உட்கார்ந்து, முகவரியை அடித்தாள். இந்தத் தடவை யாரும் அவளை முதல் ஆள் என்று கொண்டாடவில்லை. 'விண்ணப்பதாரர் இந்தப் பக்கம்' என்று கறாராகச் சொன்னது. கடவுச்சொல் கேட்டது. வாழைப்பழம் என்றாள். 'பலவீனமானது. ஏற்க முடியாது' என்றது. வாழைப்பழத்தோடு புருஷன் பெயரைச் சேர்த்தாள். போதாது என்றது. மாமியார் பெயரையும், பழைய வீட்டு எண்ணையும், ஒரு ஆச்சரியக்குறியையும் சேர்த்த பிறகுதான் உள்ளே விட்டது. காகிதங்களைப் படமெடுத்துப் போட்டாள். வாணலியில் எண்ணெய் காய்வதற்குள் பதில் வந்துவிட்டது. 'கடை உரிமம் வழங்கப்பட்டது. ஒப்பம்: மேயர்.'

அவளுக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாக வந்தது. கேட்ட உடனே கொடுத்துவிட்டார்களே! யார் இவன்? எங்கே உட்கார்ந்திருக்கிறான்? மாடியில் இருக்கிற ஒருத்தருக்கும் இந்த வேகம் கிடையாது என்பது மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

லாரி வந்தது. ஊர்க்காவல் ஆட்கள் இரண்டு பேர் இறங்கி, ஒருவன் வாணலியைப் பிடித்தான். நெனிட்டா போனை நீட்டினாள். அவன் படித்துவிட்டுக் குழம்பி, மாடிக்குக் குரல் கொடுத்தான். அட்டர்னி பெலார்மினோ இறங்கி வந்தார். போனைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

"இது செல்லாதுன்னு சொல்லுங்க சார், கடையைத் தூக்கிடறோம்" என்றான் வாணலிக்காரன்.

அட்டர்னி வாயைத் திறந்தார். செல்லாது என்றால், கையெழுத்துப் போட்டது மேயர் இல்லை. கையெழுத்துப் போட்டது மேயர் இல்லையென்றால், காலையில் முதல் விரல் யாருடையது? மேலே காற்றில் மேயரின் கட்டைவிரல் படபடத்தது. அட்டர்னி வாயை மூடிக்கொண்டார்.

"செல்லும்" என்றார் கடைசியில். "வாணலியைக் கீழே வைப்பா."

நெனிட்டாவுக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானை இல்லாத ஊர். மேலங்கியின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லாரி போனது. அட்டர்னி மட்டும் போகவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவளுடைய முக்காலியில் உட்கார்ந்தார்.

"அக்கா, ஒரு குச்சி கொடுங்க." இதுநாள் வரை அவர் அவளை அக்கா என்று கூப்பிட்டதில்லை. "உண்மையைச் சொல்லுங்க. அவனை உங்களுக்குத் தெரியுமா?"

"எவனை சார்?"

"உள்ள இருக்கற மேயரை."

"தெரியாது சார். நான் அப்ளை பண்ணேன், கொடுத்துட்டாரு."

"உங்களுக்கு உடனே கொடுத்துட்டான், பாருங்க." அவர் முக்காலியை அருகே இழுத்துக்கொண்டார். "நிலம், வரி, சம்பளம் எல்லாம் அவன்கிட்டதான் இருக்கு. மாசக் கடைசி வருது. இன்ஜினியர் என்னைச் சந்தேகப்படறாரு. நான் அவரைச் சந்தேகப்படறேன். மேயருக்குச் சொந்தப் பொண்டாட்டி மேலயே சந்தேகம், நாலு சாவியும் இப்ப அந்த அம்மாகிட்டதான் இருக்கு. வெளியில சொல்லவும் முடியாது. அதான், ஆபீஸ் சார்பா நானும் அவனுக்கு ஒரு விண்ணப்பம் போட்டேன். எங்களையும் உள்ள விடுப்பான்னு."

"என்ன சொன்னாரு?"

அட்டர்னி தன் போனைக் காட்டினார். 'விண்ணப்பதாரரின் அடையாள அட்டை இரண்டு, வார்டு தலைவரின் நற்சான்று ஒன்று. உள்ளே வர நோக்கம்?'

"அட்டையெல்லாம் போட்டுட்டேன். நற்சான்றும் வாங்கிட்டேன். இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் பதில் தெரியல. மூணு தடவை எழுதிட்டேன், தெளிவா இல்லன்னு திருப்பி அனுப்பறான். நகராட்சியோட நோக்கம்னா என்னன்னு எழுதறது?"

படியின் மேலே எட்மர் குச்சியால் ஒரு கிழவியின் பையைக் கிண்டிக்கொண்டிருந்தார். நெனிட்டா எண்ணெயிலிருந்து பழங்களை அரித்தெடுத்து, ஒவ்வொன்றாகக் குச்சியில் குத்தினாள்.

"சொந்த விஷயம்னு எழுதுங்க சார்" என்றாள். "அதுக்கு இங்க யாரும் கேள்வி கேட்டதில்ல."